கிராஷ் பேண்டிகூட்: பழைய ஆட்டத்தையும் ரீமேக்கையும் அளந்து ஒப்பிடுவது எப்படி

2017 ஜூலையில் ஒரு ராத்திரி தம்பி போன் செய்தான். முதல் மூன்று கிராஷ் பேண்டிகூட் ஆட்டங்களின் ரீமேக்கான என். சேன் ட்ரைலஜி பிளேஸ்டேஷன் 4-க்கு வெளிவந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. "அக்கா, ஜம்ப்பைக் கெடுத்துட்டாங்க. ரோட் டு நோவேர் பாலத்துல முப்பது லைஃப் போச்சு" என்றான். "நீ அதைக் கடைசியா விளையாடி பதினஞ்சு வருஷம் ஆச்சுடா, கை மறந்திருக்கும்" என்றேன். "கை மறக்கலக்கா. நீயே விளையாடிப் பாரு."

ஆடிப்பெருக்குக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது இரண்டு டிவியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் 1996-ஆம் ஆண்டு சிடி, இன்னொன்றில் புது டிஸ்க். மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். ஜம்ப் மாறியிருக்கிறது என்று அவன் சொன்னது உண்மைதான். எங்கே மாறியிருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு பேர் கணிப்பும் தப்பாக இருந்தது. அந்த மூன்று ராத்திரியில் நாங்கள் செய்ததையும், அப்புறம் மற்ற ரீமேக்குகளுக்கு நான் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த வகை தாண்டு ஆட்டம் எதற்கும் இந்த முறை பொருந்தும். உதாரணம் எல்லாம் கிராஷ்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒரு பக்கம், தயாராகி வந்த துணி ஒரு பக்கம். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேசையில் விரித்து டேப்பை வைத்தால்தான் தோள்பட்டை ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருப்பது தெரியும். ஆட்டத்தையும் அப்படியே மேசையில் விரிக்க வேண்டும்.

முதலில் ஞாபகத்தை ஓரமாக வையுங்கள்

எங்கள் வீட்டுக்கு பிளேஸ்டேஷன் வந்தது 1998-இல், சிங்கப்பூரில் இருந்து சித்தப்பா கொண்டுவந்தது. அது அனுப்பியது என்.டி.எஸ்.சி. சிக்னல். எங்கள் டிவிக்குத் தெரிந்தது பி.ஏ.எல். மட்டும். அதனால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. அப்பா வேறு டிவி வாங்கும்வரை, ஏறக்குறைய ஒரு வருஷம், ஆட்டத்தின் நாயகன் கிராஷ் ஆரஞ்சு நிறம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வருஷம்தான் நாங்கள் அதை அதிகம் விளையாடினோம். எனக்குள் தங்கியிருப்பது அதன் நிறம் இல்லை, ஜம்ப்பின் நீளம். பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தால் எந்தப் பலகையில் காலை வைக்கலாம் என்கிற அளவு.

அந்த ஞாபகத்தை வைத்துத்தான் என் தம்பி சரியாகச் சந்தேகப்பட்டான். ஆனால் ஞாபகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. புதிய ஆட்டத்தை முதலில் போட்டு, "பழசு இப்படி இருந்ததே" என்று மனசில் ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பழசை முதலில் எடுங்கள். குறைந்தது இரண்டு நாள், முதல் தீவு முழுவதையும் முடியுங்கள். கை பழசுக்குப் பழகிய பிறகு புதுசைத் தொடுங்கள். அப்போதுதான் எங்கே இடிக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

இரண்டையும் சமமாக்குவது

சிடியின் வட்டாரத்தைப் பாருங்கள். அமெரிக்க, ஜப்பானிய சிடிகள் 60 ஹெர்ட்ஸ் முறையில் ஓடும். ஐரோப்பிய சிடிகள் 50 ஹெர்ட்ஸில். ஐரோப்பிய சிடியை வைத்து நேரம் அளந்தால் கணக்கே தடம் மாறிவிடும். அமெரிக்க சிடி நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 4-இல் ரீமேக்கும் 30 ஃப்ரேம்தான். இது நமக்கு நல்ல வசதி. 2018 ஜூனில் வந்த கணினிப் பதிப்பு 60 ஃப்ரேமில் ஓடும். அழகாக இருக்கும், ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு வேண்டாம்.

பழைய பெட்டி இல்லாதவர்கள் பிளேஸ்டேஷன் 3-இல் போடலாம். எல்லா மாடலும் பழைய சிடியைப் படிக்கும், வட்டாரம் மட்டும் ஒத்திருக்க வேண்டும். எமுலேட்டரில் (பழைய பெட்டிபோல நடிக்கும் கணினி நிரலில்) செய்கிறவர்கள், வேகமாக ஓட்டும் வசதியையும் படத்தை மெருகேற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

டிவியில் கேம் மோடு கட்டாயம். புது டிவிகள் படத்தை அழகாக்க எடுத்துக்கொள்ளும் நேரம், பட்டன் அழுத்தியதற்கும் கிராஷ் எழும்புவதற்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ரீமேக்கின் தலையில் போடுவது நியாயமில்லை. எங்கள் முதல் ராத்திரி இதனாலேயே வீணாகப் போனது. ஒரு பக்கம் பழைய டியூப் டிவி, இன்னொரு பக்கம் எல்.இ.டி.; கேம் மோடு போடவில்லை. தம்பி பக்கம் பக்கமாகக் குறித்து வைத்ததை மறுநாள் கிழித்துப் போட்டோம்.

அப்புறம் முக்கியமான ஒன்று: இரண்டிலும் திசைப் பட்டன்களை மட்டும் பயன்படுத்துங்கள். 1996-இல் முதல் கிராஷ் வந்தபோது அந்தப் பெட்டியோடு வந்த கன்ட்ரோலரில் அனலாக் குச்சியே கிடையாது. அந்த ஆட்டம் நான்கு திசைப் பட்டனுக்காக வடிவமைக்கப்பட்டது. புதுசைக் குச்சியால் ஆடி, பழசைப் பட்டனால் ஆடினால் நீங்கள் ஒப்பிடுவது கன்ட்ரோலரைத்தான். குச்சியால் ஆடுவது எவ்வளவு சுகம் என்பதைக் கடைசியில் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

ஜம்ப்பை அளப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தாண்டு ஆட்டத்தில் மற்ற எல்லாம் ஜம்ப்புக்கு மேல் போட்ட சட்டைதான்.

போனில் ஸ்லோ மோஷன் கேமரா இருக்கும். 240 ஃப்ரேமில் வையுங்கள். ஆட்டம் 30 ஃப்ரேம் என்றால், ஆட்டத்தின் ஒரு ஃப்ரேமுக்குப் போனில் எட்டு ஃப்ரேம் கிடைக்கும். கிராஷின் கால் தரையை விட்ட கணத்தில் இருந்து உச்சி வரை எத்தனை, உச்சியில் இருந்து தரை தொடும் வரை எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதிவிடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. தொடக்கமும் முடிவும் திரைக்குள்ளேயே நடப்பதால், இந்த அளவில் டிவியின் தாமதம் கலக்காது. விரல் அழுத்தியதில் இருந்து அளந்தால் கலக்கும்.

நான்கு விதமாக ஆடுங்கள். நின்ற இடத்தில் எக்ஸ் பட்டனை முழுக்க அழுத்திப் பிடித்து ஒன்று. சும்மா தட்டிவிட்டு ஒன்று. ஓடிவந்து அழுத்திப் பிடித்து ஒன்று. ஓடிவந்து தாவி, காற்றில் இருக்கும்போதே எதிர்த் திசைக்குத் திருப்பி ஒன்று. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்து நடுவில் வரும் எண்ணை எடுங்கள். என். சேனிட்டி பீச் லெவலின் தொடக்கத்தில், சமமான மணலில் செய்தால் போதும்.

செய்து பார்த்தால் உங்களுக்கும் இதுதான் கிடைக்கும்: ஏறுவதில் பெரிய வித்தியாசம் உறுத்தாது. இறங்குவதில் உறுத்தும். ரீமேக்கில் கிராஷ் வேகமாகக் கீழே வந்துவிடுகிறான். பழசில் உச்சிக்குப் பிறகு ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பில்தான் நாம் திசையைத் திருத்திக்கொள்வோம். தம்பி "தூரம் குறைஞ்சுடுச்சு" என்றான், நான் "பட்டன் தாமதமா எடுக்குது" என்றேன். எங்கள் இரண்டு பேரிடம் இருந்தும் எடுக்கப்பட்டது அந்த மிதப்பு.

ஏன் இப்படி ஆனது? ரீமேக்கைச் செய்த விகேரியஸ் விஷன்ஸ் குழுவுக்கு, பழைய ஆட்டத்தைச் செய்த நாட்டி டாக் வரைந்த லெவல்களின் பாலிகன் வலைகள் (உருவங்களின் வடிவக் கோடுகள்) கிடைத்தன. ஆட்டத்தின் நிரல் கிடைக்கவில்லை. ஆகவே நடப்பது, தாவுவது, விழுவது எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். மூன்று ஆட்டத்துக்கும் ஒரே நடையை வைப்பது என்று முடிவு செய்து, 1998-இல் வந்த மூன்றாவது ஆட்டமான வார்ப்டின் நடையை அடிப்படையாக எடுத்தார்கள். வெளியான சில வாரங்களில் பதிப்பாளர் தரப்பே இதை வெளிப்படையாகச் சொல்லியது. ஆக, பாதை முதல் ஆட்டத்துடையது, கால் மூன்றாம் ஆட்டத்துடையது. நாட்டி டாக் ஒவ்வொரு பள்ளத்தையும் 1996-இன் காலுக்குத்தான் அளந்து வெட்டியிருந்தது.

இதை நான் நம்பியது ஓர் எளிய சோதனைக்குப் பிறகுதான். அதை நீங்களும் செய்ய வேண்டும். ரீமேக்கில் இருக்கும் வார்ப்டையும் பழைய வார்ப்டையும் பக்கத்தில் வைத்து, டோட் வில்லேஜ் லெவலை இரண்டிலும் ஆடுங்கள். டிங்கோடைல் என்ற வில்லனைத் தோற்கடித்து டபுள் ஜம்ப் வாங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இல்லையென்றால் கை அதைத் தேடும். எங்களுக்கு அங்கே உறுத்தல் வெகுவாகக் குறைந்தது. அதே ரீமேக், அதே கன்ட்ரோலர், அதே டிவி. பாதையும் காலும் ஒரே ஆட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்ததால் இடிக்கவில்லை. ரீமேக்கைப் பார்க்கும்போது பாதையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

விளிம்பு

ஜம்ப்புக்கு அடுத்தது விளிம்பு. பலகை, பெட்டி, கல் எதுவானாலும் அதன் ஓரத்துக்கு மெல்ல மெல்லப் பட்டனைத் தட்டி நகருங்கள். பழசில் கிராஷின் உடம்பில் பாதிக்கு மேல் வெளியே தொங்கும், நின்றுகொண்டிருப்பான். புதுசில் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே சறுக்கி விழுந்துவிடுவான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தீப்பெட்டியைப் படியின் ஓரத்தில் பாதி வெளியே தெரியும்படி வையுங்கள், நிற்கும். அடி உருண்டையான குடத்தை அதே இடத்தில் வைத்தால் உருண்டு போகும். ஓர் ஆட்டத்தில் பாத்திரத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவம் இருக்கும். அதுதான் தரையைத் தொடுகிறதா என்று ஆட்டம் பார்க்கும். பழசில் அதன் அடி தட்டை. ரீமேக்கில் அது கேப்ஸ்யூல் மாத்திரை போல, அடி உருண்டை. ஓரத்தில் கால் வைத்தால் உருண்டையின் பக்கவாட்டுதான் பலகையைத் தொடுகிறது, கிராஷ் வெளியே தள்ளப்படுகிறான். நூலிழையில் தப்பித்தோம் என்று பழசில் மூச்சு விடும் இடம் எல்லாம் புதுசில் சாவு.

இந்த வழுக்கல் ரீமேக்கின் வார்ப்டிலும் இருக்கிறது. அங்கே பலகைகள் அகலம் என்பதால் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே விளிம்பைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், விழும் வேகத்தோடு சேர்த்துவிட வேண்டாம்.

பாலம்

இரண்டு அளவும் கையில் வந்த பிறகு பாலத்துக்குப் போகலாம். ரோட் டு நோவேர், தி ஹை ரோட் என்று இரண்டு லெவல். மூடுபனிக்கு நடுவில் தொங்கு பாலம், கால் வைத்தால் உடையும் பலகைகள், வழுக்கும் பலகைகள். முதலாவதில் காட்டுப்பன்றி வரும். இரண்டாவதில் ஆமை. அதன் முதுகில் ஒரு முறை குதித்தால் கவிழும், கவிழ்ந்த ஆமையின் மேல் இன்னொரு முறை குதித்தால் எழும்பிப் போகலாம்.

ரீமேக் மீதான புகார்கள் எல்லாம் இந்தப் பாலங்களில் குவிந்தது தற்செயல் இல்லை. பலகை சின்னது, அதனால் உருண்டை அடி வழுக்குகிறது. இடைவெளி பழைய மிதப்புக்கு வரைந்தது, அதனால் வேகமாக விழும் கால் எட்டவில்லை. இரண்டு மாற்றமும் ஒரே பலகையில் சந்திக்கின்றன. மற்ற லெவல்களில் இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் சமாளித்துவிடலாம்.

இங்கே எத்தனை முறை செத்தோம் என்று மட்டும் எண்ணாதீர்கள். எங்கே, எப்படிச் செத்தோம் என்று எழுதுங்கள். நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: எட்டாமல் விழுந்தது, காலை வைத்த பிறகு வழுக்கியது, பன்றியோ ஆமையோ மோதியது. மூன்றாவது கட்டம் இரண்டு ஆட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே நிரம்பியது. முதல் இரண்டு கட்டங்கள் ரீமேக்கில் மட்டும் பொங்கி வழிந்தன. வெறும் எண்ணிக்கையை வைத்திருந்தால் "புதுசு கஷ்டம்" என்பதோடு நின்றிருப்போம்.

தொடர்ந்து செத்தால் ஆட்டமே இரக்கப்பட்டு, ஓர் அடியைத் தாங்கிக்கொள்ளும் அகு அகு முகமூடியைக் கொடுத்துவிடும். முகமூடியோடு ஓடிய ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலத்தின் பக்கவாட்டுக் கயிற்றின் மேல் ஏறி நடக்கும் தந்திரத்தையும் ஒப்பீடு முடியும்வரை தொடாதீர்கள்.

விதிகள்

பாலத்தில் இத்தனை பேசிவிட்டு, ரீமேக் கொடுமை என்று முடித்துவிட்டால் அது தப்பான ஒப்பீடு. விதிகளைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது.

பழசில் நினைத்த நேரத்தில் சேமிக்க முடியாது. கிராஷின் காதலி டாவ்னாவின் படம் போட்ட மூன்று டோக்கனை எடுத்து, போனஸ் சுற்றை முடித்தால்தான் சேமிக்கும் திரை வரும். அல்லது ஒரு ஜெம் எடுக்க வேண்டும். எங்களிடம் மெமரி கார்டு கிடையாது. முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி என்று பாஸ்வேர்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைப்போம். ஒரு குறி மாறினால் எல்லாம் போச்சு. ரீமேக்கில் தானாகச் சேமிக்கும்.

பெட்டிகள் இன்னொன்று. பழசில் ஒரு லெவலின் எல்லாப் பெட்டியையும் ஒருமுறைகூடச் சாகாமல் உடைத்தால்தான் ஜெம். எத்தனை விட்டோம் என்பது கடைசியில்தான் தெரியும், விட்ட பெட்டிகள் கிராஷின் தலையில் ஒவ்வொன்றாக விழும். ரீமேக்கில் எண்ணிக்கையை லெவலுக்குள்ளேயே பார்க்கலாம். சாதாரண ஜெம்முக்குச் சாகலாம், பரவாயில்லை. கலர் ஜெம்முக்கு மட்டும்தான் பழைய கட்டுப்பாடு. ஸ்லிப்பரி கிளைம்ப் மாதிரி லெவலில் பழைய விதியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும்.

வார்ப்டில் மட்டும் இருந்த டைம் ட்ரயல் ஓட்டத்தை (கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓடுவதை) முதல் இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்திருக்கிறார்கள். கிராஷின் தங்கை கோகோவாகவும் ஆடலாம். ஸ்டார்மி அசென்ட் என்ற லெவல் 1996-இல் மிகக் கடினம் என்று ஒதுக்கப்பட்டு, சிடிக்குள்ளேயே புதைந்து கிடந்தது. அதை 2017 ஜூலையில் வெளிக்கொண்டுவந்தார்கள். இவற்றை எல்லாம் "கூடுதல்" என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஜம்ப்பின் குறையை இதனால் ஈடுகட்டவும் வேண்டாம், ஜம்ப்பை வைத்து இதை மறைக்கவும் வேண்டாம்.

படமும் பாட்டும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கிராஷ் சுமார் 512 பாலிகன்களால் ஆனவன். உடம்பில் பெரும்பாலும் வெறும் நிறம்தான், திரை 512-க்கு 240 புள்ளிகள். புதிய கிராஷுக்கு ரோமம்கூட அசைகிறது, சாதாரண பிளேஸ்டேஷன் 4-இல் 1080 வரிகள். எது அழகு என்று கேட்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா? பழசில் விளிம்பு கோடு போட்டதுபோல இருக்கும். புதுசில் சில காட்டு லெவல்களில் புல்லும் இலையும் விளிம்புக்கு வெளியே தொங்குவதால் என் கண் ஏமாந்தது. டிவியின் நிறத்தைச் சுழியத்துக்குக் குறைத்து, கறுப்பு வெள்ளையில் ஒரு முறை ஆடிப் பாருங்கள். விளிம்பு எதில் தெளிவு என்று உடனே தெரிந்துவிடும்.

பாட்டுக்கு ஒரே சோதனை: கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேளுங்கள். பழசுக்கு இசையமைத்த ஜாஷ் மேன்செலின் மெட்டுகள் அப்படியே இருக்கின்றன, வாத்தியங்கள்தான் புதுசு. எனக்குப் பழைய மரத்தட்டு ஓசை பிடிக்கும். தம்பிக்குப் புதுசு. அதை அளக்க டேப் இல்லை.

எழுதி முடித்த பிறகு

குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ரீமேக்கை இன்னொரு முறை ஆடுங்கள், இந்த முறை ஜெயிப்பதற்காக. விழுவது வேகம் என்று தெரியும், ஆகவே பட்டனைக் கடைசிவரை விடாமல் அழுத்துங்கள். பழசில் தாவிய இடத்தைவிட அரை அடி தள்ளி, விளிம்புக்கு முடிந்தவரை நெருங்கித் தாவுங்கள். ஓரத்தைக் குறிவைக்காமல் பலகையின் நடுவைக் குறிவையுங்கள். ஆமை வந்தால் அது உங்களை நோக்கி வரும்வரை நின்று, அப்புறம் குதியுங்கள். இதெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், இப்போது கயிற்றில் ஏறலாம். பழசிலும் அது உண்டு, புதுசிலும் உண்டு.

மூன்றாம் ராத்திரி இரண்டு மணிக்குத் தம்பி ஹை ரோடைக் கயிறு தொடாமல் முடித்தான். நோட்டில் முதல் கட்டத்தில் நான்கு கோடு, இரண்டாவதில் மூன்று. முந்தின நாள் அதே பாலத்தில் இரண்டு கட்டமும் பக்கம் நிறைந்திருந்தது.